'டாக்டர் ஓட்டிய வண்டி'யும் என் நாலு லட்சமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொல்லிமலை சோளக்காட்டில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பத்திரிகையில் தலையங்கத்தைவிட நான் அதிகம் படித்தது ஞாயிற்றுக்கிழமை வரி விளம்பரப் பக்கத்தைத்தான். 2024 ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை, பொட்டலம் மடிக்கப் பேப்பரைக் கிழிக்கும்போதுகூட 'வாகனம் விற்பனைக்கு' பகுதியை மட்டும் கத்தரித்துக் கல்லாப் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொள்வேன். கையில் இருந்தது 4 லட்சம். சீட்டு எடுத்தது 3, மிளகு விற்றது 1. அதற்குள் ஒரு பழைய எஸ்.யு.வி. வாங்க வேண்டும். வாங்கிய பிறகு அது மலை ஏறவும் வேண்டும். அந்த அலைச்சலில் பட்டதைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கத்தான் இந்தக் கடிதம். நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லாவில் உட்கார்ந்து பேசிப் பேசிப் பழகிய வாய்.

கொல்லிமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவுகள். சரக்கு எடுக்க வாரம் இரண்டு முறை நாமக்கல் போகிறேன். போகும்போது பஸ், வரும்போது மூட்டைகளோடு வாடகை வண்டி. அம்மா வீடு வளப்பூர் நாட்டுப் பக்கம். தார் ரோடு முடிந்து கல் ரோடு, அதுவும் முடிந்து மாட்டுத் தடம். "ஒரு ஆல்டோ எடுத்துக்கோங்களேன், செலவு கம்மி" என்றார் கொழுந்தனார். அவருடைய காரே அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் ஆயில் சம்ப் அடிபட்டு நின்று, டிராக்டரில் கட்டி இழுத்து வந்ததை அவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை. பெருமைக்காக உயரமான வண்டி தேடவில்லை. எங்களுக்குத் தரையிலிருந்து உயரம் வேண்டும், பின்சக்கரம் தள்ள வேண்டும், அடிச்சட்டமான சேஸ் கட்டை கெட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் விளம்பரங்களுக்கு வருகிறேன். "பொலிரோ 2014, டாக்டர் யூஸ், சிங்கிள் ஓனர், ஏ.சி., நல்ல கண்டிஷன், விலை நேரில்." இந்த மாதிரி 11 விளம்பரங்களுக்குப் போன் போட்டேன். அதில் ஐந்து வண்டி டாக்டர் ஓட்டியது. சேலம், நாமக்கல் பக்கம் இத்தனை டாக்டர்கள் பொலிரோவில் சுற்றுகிறார்கள் என்றால் இரண்டு பேரை எங்கள் மலைக்கு அனுப்பி வைக்கலாமே! 11 பேரில் வண்டியின் சொந்தக்காரர் மூன்று பேர்தான். மீதி எட்டும் பழைய வண்டி விற்கும் 'கன்சல்டிங்' கடைகளும் புரோக்கர்களும். விளம்பரத்தில் அது எங்கும் இல்லை. போனை எடுத்ததும் "பார்ட்டி வண்டிதாங்கக்கா", அதாவது ஓனரே விற்கிறார் என்பார்கள்; நேரில் போனால் ஷெட்டில் இருபது வண்டி வரிசையாக நிற்கும்.

எந்த வண்டி வாங்குவது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் கேட்டது சேந்தமங்கலத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பியின் பேச்சை மட்டும்தான். நாமக்கல் லாரிப் பட்டறையில் தொழில் கற்றவர். அவர் சொன்னது இது: "எது நல்ல வண்டின்னு கேக்காதீங்கக்கா. எந்த வண்டிக்கு ராத்திரி எட்டு மணிக்கும் இந்த ஊர்ல சாமான் கிடைக்கும்னு கேளுங்க."

அந்தத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். குவாலிஸ் எங்கள் பக்கத்தில் இன்னும் சாமி மாதிரி. ஆனால் 2005-லேயே நிறுத்திவிட்டார்கள். கிடைப்பதெல்லாம் இருபது வருஷத்து வண்டி, அதற்கும் விலை மட்டும் குறைய மாட்டேன் என்கிறது. தவேரா சொகுசு, ஆனால் கம்பெனி 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஃபோர்டு எகோஸ்போர்ட் ஓட்ட அருமை என்று மகள் தோழியின் அப்பா சொன்னார். அந்தக் கம்பெனியும் 2021-ல் இங்கே கார் தயாரிப்பதை விட்டதாக அறிவித்தாயிற்று. சாமான் வருகிறதாம், ஆனால் சேந்தமங்கலத்துக்கு எட்டு மணிக்கு வராது. இன்னோவா என் பட்ஜெட்டில் வந்தால் அது டாக்சியாக ஓடிக் களைத்த வண்டியாகத்தான் வரும். சுமோ பிடித்திருந்தது, நல்லதாக ஒன்றும் கண்ணில் படவில்லை. ஸ்கார்பியோ, பொலிரோ இரண்டும் மிஞ்சின.

மகனுக்கு மட்டும் ஃபார்ச்சூனர் ஆசை. டெல்லி நம்பர், 2012 மாடல், அஞ்சே கால் லட்சம் என்று செல்போனில் படம் காட்டினான். டெல்லியில் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-லும், உச்ச நீதிமன்றம் 2018-லும் சொன்னதிலிருந்து அந்த வண்டிகள் அப்போது சல்லிசாகத் தெற்கே வந்துகொண்டிருந்தன. விலையைப் பார்த்து வாய் பிளப்பதற்கு முன் கணக்குப் போட வேண்டும். அங்கிருந்து என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டி, தமிழ்நாட்டு நம்பர் வாங்க வேண்டும். அது முடிந்ததும் ஃபார்ச்சூனருக்கு ஒரு டயர் மாற்றும்போது நம் கடையின் ஒரு வார லாபம் போகும். "வாங்குற காசு நம்மகிட்ட இருக்கு சாமி, வச்சுக்கிற காசு இல்ல" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு சரியாகிவிட்டான்.

முதலில் பார்த்தது ஒரு ஸ்கார்பியோ. சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்சல்டிங். 2011 வண்டி, 3.60 லட்சம். மற்ற இடங்களைவிட நல்ல வித்தியாசம் இருந்தது. உள்ளே சீட் உறையெல்லாம் புதுசு, எலுமிச்சை வாசனை கமகமவென்று வந்தது. எனக்குப் பிடித்துப்போய்விட்டது, பொய் சொல்வானேன். பட்டறைத் தம்பி இன்ஜினைத் திறக்கவே இல்லை. டிரைவர் பக்கம் சீட் பெல்ட்டைப் பிடித்து மெல்ல இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக யாரும் அதைக் கடைசிவரை இழுப்பதில்லை. முழுதும் வெளியே வந்தபோது கடைசி ஒரு முழத்தில் கருப்பு நாடா செம்பழுப்பாக இருந்தது. டீ வடிகட்டும் துணியில் கறை நிற்குமே, அப்படி ஒரு கோடு. பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு திருகாணியைச் சுரண்டி என் உள்ளங்கையில் தட்டினார். துரு. டாஷ்போர்டுக்குக் கீழே ஒயர் கட்டைப் பிரித்தால் உள்ளே காய்ந்த வண்டல் மண். "வெள்ளத்துல நின்ன வண்டிங்கக்கா" என்று காதருகில் சொன்னார். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் கார்கள் தண்ணீரில் மூழ்கி நின்றதை டி.வி.யில் பார்த்தோமே, அடுத்த மாதமே அவை துடைத்து, வாசனை அடித்து, நம் ஊர் ஷெட்டுக்கு வந்துவிடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வண்டி எந்த வெள்ளத்தில் நின்றதோ, கடைக்காரர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இப்படி மூழ்கிய வண்டி ஆறு மாதம் நன்றாக ஓடும், அப்புறம் ஒவ்வொரு ஒயராகக் கழுத்தை அறுக்கும் என்றார் தம்பி.

அடுத்தது ஒரு பொலிரோ, மீட்டரில் 78,000 கிலோமீட்டர். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பளபளத்தது. 78 ஆயிரத்தில் அப்படித் தேயுமா? வண்டி நம்பரைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய பதிவைப் பார்க்கச் சொன்னோம். 2019-ல் கடைசியாக அங்கே விட்டபோது 1,42,000 ஓடியிருந்தது. ஐந்து வருஷத்தில் வண்டி பின்னோக்கி ஓடியிருக்கிறது! மீட்டரைத் திருப்புவது எவ்வளவு சுலபமான வேலை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிக தூரம் ஓடியது குற்றமில்லை. சொல்லியிருந்தால் அந்த வண்டியையே வாங்கியிருப்பேனோ என்னவோ.

மூன்றாவதில்தான் நான் காசை விட்டேன். அந்தக் கன்சல்டிங்கில் "இன்னிக்கு சாயங்காலம் வேற பார்ட்டி வர்றாங்க" என்றதும் அவசரப்பட்டு 10,000 ரூபாய் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். கடையில் ஒரு கிலோ துவரம் பருப்பு வாங்குபவர்கூடக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் காசை எடுப்பார். எனக்கு அந்தப் புத்தி அன்று வேலை செய்யவில்லை. வீட்டுக்கு வந்தபின் மகள் அரசாங்கத்தின் வாகனப் பதிவு விவரம் இருக்கும் பரிவாகன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பார்த்தாள். இரண்டாவது ஓனர் என்றார்கள், நாலாவது என்று காட்டியது. வண்டிமேல் வாங்கிய ஃபைனான்ஸ் கடன் இன்னும் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், இருந்தது. கடன் கட்டி முடித்திருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனி கையெழுத்திட்ட படிவம் 35-ம் என்.ஓ.சி.யும் இருக்க வேண்டும். "வந்துரும்க்கா, ரெண்டு நாள்ல வந்துரும்" என்றே ஒரு மாதம் ஓடியது. சண்டை போட்டு 7,000 திரும்பி வந்தது. 3,000 போச்சு. அதைப் படிப்புச் செலவு என்று எழுதிக்கொண்டேன்.

காகிதத்தில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்கு வீட்டிலேயே ஒரு காரணம் உண்டு. என் பெரியம்மா மகன் தன் பழைய சுமோவை ஒரு புரோக்கரிடம் விற்றார். பெயர் மாற்றத்துக்கான டி.ஓ. ஃபாரத்தில் கையெழுத்து மட்டும் போட்டு, வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தார். ஊரில் எல்லாரும் செய்வதுதான். அந்த வண்டி மூன்று கை மாறியது, ஆர்.சி. மட்டும் அவர் பெயரிலேயே நின்றது. வேறு மாவட்டத்தில் ஒரு விபத்து. நோட்டீஸ் அண்ணன் வீட்டுக்கு வந்தது. வண்டியை விற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. 2018 பிப்ரவரி 6-ம் தேதி உச்ச நீதிமன்றம் நவீன்குமார் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது: வண்டி யார் கையில் இருந்தாலும், ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. வக்கீல் இதைப் படித்துக் காட்டியபோது அண்ணன் முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவில் இருக்கிறது. பழைய வண்டி விற்கும் கடைக்காரர்களும் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், ஓனர் வண்டியைக் கடையில் ஒப்படைத்ததைப் படிவம் 29-சி மூலம் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் விதியும் வந்துவிட்டது. நான் ஏறி இறங்கிய கடைகளில் மூன்று இடத்தில் இதைக் கேட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் "நீங்க டீச்சருங்களா?" என்றார். மூன்றாமவர் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றினார்.

கடைசியில் வண்டி கிடைத்தது உங்கள் விளம்பரத்தில் இல்லை, முட்டை வண்டிக்காரர் மூலம். எங்கள் கடைக்கு முட்டை போடுபவர், "எங்க பண்ணை முதலாளி பொலிரோவைக் குடுக்கப் போறாருங்க" என்றார். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை. 2012 வண்டி, 2.5 லிட்டர் டீசல், 1,71,000 கிலோமீட்டர், முதல் ஓனர். கேட்ட விலை 3.50 லட்சம்.

முதல் நாள் ராத்திரியே போன் செய்து, "காலைல நாங்க வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணிடாதீங்கண்ணா" என்று கேட்டுக்கொண்டோம். விடிய ஆறு மணிக்குப் போய் தம்பி முதலில் பானட்டைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. சூடான இன்ஜின் எல்லாக் குற்றத்தையும் மறைத்துவிடும், ஆறின இன்ஜின்தான் உண்மை பேசும் என்பது அவர் கட்சி. இரண்டாவது சுற்றில் பிடித்தது. கொஞ்சம் கரும்புகை வந்து அடங்கியது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைக் கழற்றி அதன்மேலேயே லேசாக வைத்தார். மூடி துள்ளவில்லை, புகை குபுகுபு என்று வரவில்லை. இன்ஜினுக்குள் அழுத்தம் கசிகிற 'பேக் காம்ப்ரஷன்' இல்லை என்று தலையை ஆட்டினார். எனக்கு அப்போதே பாதி மனசு நிறைந்துவிட்டது.

குறையும் இருந்தது. பின்பக்கத் தரை விரிப்பைத் தூக்கினால் தகடு அரித்து இரண்டு இடத்தில் ரோடு தெரிந்தது. கோழி எரு மூட்டை ஏற்றிய வண்டி. எருவில் இருக்கும் அமோனியா இரும்பைச் சும்மா விடுமா? முதலாளி மறைக்கவில்லை. "அது இருக்குதுங்கம்மா, அதுக்குத்தான் பேசிக் குறைச்சுக்கலாம்" என்றார். கூடவே பீரோவிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். கோழித் தீவனக் கணக்கு எழுதும் நோட்டு. அதன் பின்பக்கத்திலிருந்து வண்டிக் கணக்கு: தேதி, கிலோமீட்டர், ஆயில், ஃபில்டர், லீஃப் பட்டை, டயர். பன்னிரண்டு வருஷம், ஒரே கையெழுத்து, நாலு நிற மை. பார்த்த ஏழு வண்டியிலும் அந்த நோட்டைப் போல ஒன்று இல்லை. புது சீட் கவர் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

விளம்பரக்காரர்கள் வருஷத்தில் விளையாடுவதால் அதையும் சரிபார்த்தோம். 2013 டிசம்பரில் செய்த வண்டியை 2014-ல் பதிந்துவிட்டு '2014 மாடல்' என்பார்கள். ஆர்.சி.யில் தயாரித்த மாதமும் வருஷமும் அச்சாகியிருக்கும், அதைப் பார்த்தால் போதும். சேஸ் நம்பரையும் துணியால் துடைத்து ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார் தம்பி. பதினேழில் பத்தாவது எழுத்து 'சி'. அது 2012-க்கான எழுத்தாம். டயரின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். முன்டயர் இரண்டும் 2316, அதாவது 2016-ம் வருஷத்து 23-வது வாரம். டயரின் பட்டன், அதாவது மேல் வெட்டு, நன்றாக இருந்தாலும் எட்டு வருஷத்து ரப்பர் மலைக்கு ஆகாது என்று அதிலும் பேசிக் குறைத்தோம்.

ஓட்டிப் பார்க்கச் சமவெளி போதாது. முதலாளியையும் கூட்டிக்கொண்டு காரவள்ளி வந்து, பத்தாவது வளைவு வரை நானே ஏற்றினேன். 44 வயதில் லைசென்ஸ் எடுத்தவள், முதலாளி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது கியரில் இழுத்தது. சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை. ஆனால் கியர் மாற்றி ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் மட்டும் உறுமியது, வண்டி தாமதமாகத்தான் ஏறியது. கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் அதே இரண்டாவது கியரில் விட்டேன். கீழே வந்து சக்கரத்தருகே முகர்ந்து பார்த்தோம், கருகல் வாடை இல்லை. கியர் பாக்ஸிலும் பின் ஹவுசிங்கிலும் ஊளைச் சத்தம் இல்லை. 3.20-க்கு முடிந்தது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் என் பெயரை எழுதி, அவரையும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கூட்டிப்போய்த்தான் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வாங்கியபின் ஆன செலவை அப்படியே தருகிறேன், யாருக்காவது உதவும். முன்டயர் இரண்டு 13,200. கிளட்ச் செட், கூலியோடு 11,500. தரைத் தகடு வெல்டிங், அடிப்பக்கம் பெயின்ட் 7,800. லீஃப் புஷ் வகையறா 3,400. பிரேக் 4,600. ஆயில், ஃபில்டர், கூலன்ட், பெல்ட் 6,900. பேட்டரி 6,200. இன்ஷூரன்ஸ் 9,700. ஆக 63,300. ஏழு வண்டி பார்க்க வந்ததற்குத் தம்பிக்குத் தலா 500 வீதம் 3,500. போன அட்வான்ஸ் 3,000. நாலு லட்சத்தில் மிஞ்சியது 10,200, அது முதல் மாத டீசலுக்கு. பழைய வண்டி வாங்கப் போகிற எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன்: கையில் 4 இருந்தால் 3.20-க்கு மேல் வண்டியைப் பார்க்காதே. நாலுக்கு நாலும் வண்டிக்கே கொடுத்தவர்கள் மொட்டை டயரோடு மலை ஏறுகிறார்கள். 31-வது வளைவில் எதிரே வருவது நான்.

இன்ஷூரன்ஸில் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. 2024-ல் 1500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு, பிறருக்கு ஆகும் சேதத்துக்கான மூன்றாம் நபர் பிரீமியம் 7,897, அதற்குமேல் 18 சதவீத வரி. 1000-க்கு மேல் 1500 வரை 3,416 தான். என் வண்டி 2,523 சி.சி. 2016-க்குப் பிறகு வந்த 1,493 சி.சி. பொலிரோ என்றால் வருஷத்துக்கு நாலாயிரத்துக்கு மேல் மிச்சம். அது எனக்குக் கட்டுப்படியாகிற விலையில் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். உங்களுக்குக் கட்டுப்படியானால் யோசியுங்கள்.

இன்னொன்று, 15 வருஷக் கணக்கு. சொந்த உபயோக வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம்தான். என் வண்டிக்கு 2027-ல் முடிகிறது. அப்போது எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனைக்குக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருஷம் நீட்டிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் 5,000. தகடு பொத்தல், லைட் உடைசல் எல்லாவற்றையும் சரி செய்தால்தான் எஃப்.சி. நடக்கும். ஆர்.சி. முடிய நாலு மாதம் இருக்கும் வண்டியை ஒருவர் ஏன் அவசரமாக விற்கிறார் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

வண்டியைப் பற்றிப் பெருமையாக மட்டும் எழுதினால் நானும் விளம்பரக்காரி ஆகிவிடுவேன். இதில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை. பின்னால் பக்கவாட்டில் இருக்கும் சீட்டுகளில் பெல்ட் கிடையாது. அங்கே பிள்ளைகளை உட்கார வைப்பதில்லை, அரிசி மூட்டைதான். மலையில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுத்தால் பெரிசு. காலி வண்டியாகக் கல் ரோட்டில் போனால் இடுப்பு எலும்பு தனியாக வந்துவிடும். எட்டு மாதத்தில் வழியில் நின்றது ஒரே ஒரு முறை, செம்மேட்டுக்குப் பக்கத்தில். டீசல் ஃபில்டரில் தண்ணீர். பஸ் ஸ்டாண்டில் நின்ற ஜீப் டிரைவர் ஒருவர் இறங்கி வந்து, அடியில் இருந்த திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டு, காசு வாங்காமல் போனார். ராத்திரி எட்டு மணிக் கணக்கு என்று தம்பி சொன்னது இதைத்தான்.

இனி என் கோரிக்கை. 'விலை நேரில்', 'கண்டிஷன் சூப்பர்', 'டாக்டர் யூஸ்' என்று அச்சடிக்க இடம் இருக்கிறது. அந்த இடத்தில் மூன்று விவரங்களைக் கட்டாயமாக்குங்கள். ஒன்று, ஆர்.சி.யில் இருக்கிறபடி வண்டி தயாரான மாதமும் வருஷமும், ஆர்.சி. எந்தத் தேதிவரை என்பதும். இரண்டு, எத்தனையாவது ஓனர். விளம்பரம் கொடுப்பவர் அந்த ஓனரா, கடைக்காரரா. மூன்று, ஃபைனான்ஸ் இருக்கிறதா இல்லையா. வண்டி நம்பரைக் கேட்டு வாங்கினால் உங்கள் விளம்பரப் பிரிவில் இருப்பவரே இவற்றில் பெரும்பாலானதைப் பரிவாகன் தளத்தில் சரிபார்த்துவிடலாம். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கல்லாவில் உட்கார்ந்துகொண்டே பார்த்துவிட்டாள். ஒரு வரி கூடுதலாக அச்சாகும், அந்த வரிக்கான கட்டணத்தை விற்பவர் கட்டட்டும். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் கட்டுவார்.

இப்படிக்கு,
மளிகைக் கடை வைத்திருக்கும் வாசகி,
சோளக்காடு, கொல்லிமலை.

பி.கு.: தகடு மாற்றி, பெயின்ட் அடித்து, மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவியும் மழை பெய்து கண்ணாடி ஏற்றினால் வண்டிக்குள் கோழி வாடை வருகிறது. இதற்கு ஏதாவது வழி தெரிந்த வாசகர்கள் இருந்தால் உங்கள் பத்திரிகை மூலமாகவே எழுதட்டும்.